எதிர்த்தரப்புச் சாட்சிகள்

துணி பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. பிசினில் தோய்ந்து கறுத்துப்போன துணி. கடைசிச் சுற்றும் கழன்றபோது உள்ளே ஒரு பறவையின் எலும்புகள். ஒல்லியான கால்கள், அரிவாளாய் வளைந்த நீண்ட அலகு. எகிப்தில் யாரோ ஒரு பூசாரி ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தியோடு சுற்றிக் கட்டியதை, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் குவியே. பக்திக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவர் கையில் இருந்தது அளவுகோல்.

நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்தபோது பீரங்கிகளோடு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களையும் கப்பலேற்றினார். அவர்களில் ஒருவரான ஜோஃப்ருவா செந்த் இலேர் திரும்பி வரும்போது மம்மிகளை அள்ளிக்கொண்டு வந்தார். பூனை, முதலை, குரங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ஐபிஸ் பறவை. நாம் வேடந்தாங்கலில் பார்க்கிற வெள்ளை அரிவாள் மூக்கனுக்கு இது நெருங்கிய உறவு. எகிப்தியருக்கு இது எழுத்தின் கடவுளான தோத்தின் வடிவம். லட்சக்கணக்கில் பதப்படுத்தி, மண் சாடிகளில் வைத்து, சுரங்கம் சுரங்கமாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

குவியே எலும்பெலும்பாக அளந்தார். ஒரு மம்மியின் உள்ளே செரிக்காத பாம்புத் தோலும் செதிலும்கூடக் கிடைத்தன. அந்த அளவுகளை, அன்று ஆப்பிரிக்காவில் உயிரோடு திரிந்த ஐபிஸின் எலும்புகளோடு ஒப்பிட்டார். வித்தியாசமே இல்லை. பூனையும் முதலையும் அப்படியே. ஆகவே, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று சிலர் சொல்லித் திரிவது வெறும் கற்பனை என்று முடிவு கட்டினார்.

‘சிலர்’ என்று அவர் பொதுவாகச் சொன்னாலும், குறி ஒரே ஆள்மீதுதான். அவர் அதே அருங்காட்சியகத்தில், கூப்பிடு தூரத்தில் வேலை பார்த்தார். பெயர் ழான் பாப்டிஸ்ட் லாமார்க். எகிப்துச் சேகரிப்பைப் பற்றி 1802இல் அறிக்கை கொடுத்த மூன்று பேராசிரியர்களில் குவியே ஒருவர், லாமார்க் இன்னொருவர். ஒரே காகிதத்தில் இருவர் பெயரும் உண்டு.

லாமார்க்கின் பதில் சுருக்கமானது. எகிப்தின் தட்பவெப்பம் அன்றும் இன்றும் ஒன்றுதான். சூழல் மாறாதபோது பறவை எதற்காக மாற வேண்டும்? அது போகட்டும், பூமியின் வயதுக்கு முன்னால் மூவாயிரம் ஆண்டு எம்மாத்திரம்?

இன்று படிக்கும்போது பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலங்கன்று வளர்கிறதா என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, வளரவில்லை என்று எழுதி வைத்தார் குவியே. ஆனாலும் எனக்கு அவர்மேல் மரியாதை குறைவதில்லை. ‘மாறுகிறது’ என்பதையும் ‘மாறவில்லை’ என்பதையும் அதுவரை எல்லோரும் வாயால்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய எலும்பையும் புதிய எலும்பையும் அருகருகே வைத்து அளந்து பார்ப்போம் என்று கிளம்பியது, பரிணாமத்தை ஏற்காத இந்த மனிதர்தான்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்டவர்களைப் பற்றியது. பரிணாமக் கொள்கையின் கதையை நாம் வம்சாவளி சொல்வதுபோலச் சொல்லிப் பழகியிருக்கிறோம். இன்னாருக்குப் பின் இன்னார், கடைசியில் டார்வின். அதில் ஆதரித்தவர்களுக்கு மட்டுமே இடம். ஆனால் டார்வினின் வாதத்தைப் பிரித்துப் பார்த்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள் பலவும் எதிர்த்தரப்பு ஆட்கள் நட்டவை. வழக்கில் எதிராளியின் சாட்சி நமக்குச் சாதகமாகப் பேசிவிட்டுப் போவதுண்டே, அதுபோல.

*

மம்மிக்கு முன்னால் ஒரு யானைக் கதை இருக்கிறது. 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, அந்நாட்டு ஆட்சித்தலைவரின் அரும்பொருள் சேகரிப்பையும் கைப்பற்றிப் பாரிசுக்கு அனுப்பியது. கொள்ளைப் பொருளில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோனது, மற்றது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. அதே 1795இல் பாரிசுக்கு வேலைக்கு வந்த குவியேவின் கையில் இவை கிடைத்தன. அவருக்கு வயது 26.

அதுவரை யானை என்றால் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். குவியே வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். இலங்கை யானையின் கடைவாய்ப்பல் புதிதாகக் கொத்திய அம்மிபோல இருந்தது, நெருக்கமான குறுக்கு வரிகளோடு. ஆப்பிரிக்க யானையின் பல்லில் வரிகளுக்குப் பதில் சீட்டுக்கட்டு டைமண்ட்போல அகன்ற கட்டங்கள். இவ்வளவு வேறுபாடு ஒரே இனத்துக்குள் இருக்க முடியாது, குதிரையும் கழுதையும் எப்படி இரண்டோ அப்படி இவையும் இரண்டு என்றார்.

அதோடு நிற்கவில்லை. சைபீரியாவின் உறைமண்ணில் கிடைத்த மாமூத் எலும்புகளை மூன்றாவதாகப் பக்கத்தில் வைத்தார். அதன் பல்வரிகள் இலங்கை யானையினுடையதைவிட நெருக்கம், தாடையின் வடிவமும் வேறு. அப்படியானால் இது எந்த யானை? இந்தியாவிலிருந்து வெள்ளத்தில் அடித்துப் போனதும் இல்லை, பழங்காலத் தளபதி ஹன்னிபாலின் யானைப்படையிலிருந்து வழி தவறியதும் இல்லை. இது மூன்றாவது இனம், இன்று உலகில் எங்கும் இல்லாத இனம். ஒரு நத்தை எங்கோ ஒளிந்திருக்கிறது என்றால் நம்பலாம். யானை ஒளிந்துகொள்ள இடம் ஏது?

1796இல் அவர் இதை வாசித்தபோது பலருக்கு நெருடியது. கடவுள் படைத்த ஒரு இனம் அடியோடு அற்றுப்போகும் என்பதே அபசகுனமாகப் பட்டது. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன், மேற்குக் காடுகளில் எங்கேனும் மாமூத் இன்னும் உலவும் என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் குவியே அடுத்தடுத்து எலும்புகளை மேசைக்குக் கொண்டுவந்தார். பாறையடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு விலங்குகள், கீழே போகப்போக இன்றைக்கு இல்லாத உருவங்கள் என்று காட்டினார். இதற்கு அவர் சொன்ன விளக்கம் பேரழிவுகள். அவ்வப்போது பெரும் புரட்டல் வந்து ஒரு கூட்டத்தை வாரிக்கொண்டு போகும், வேறு கூட்டம் வந்து குடியேறும், எதுவும் எதுவாகவும் மாறாது.

வேடிக்கை எங்கே என்றால், இனங்கள் அற்றுப்போகும் என்பதை லாமார்க் ஏற்கவில்லை. அவர் கணக்கில் இனங்கள் சாவதில்லை, வேறொன்றாக மாறிவிடுகின்றன. பாறையில் கிடைக்கிற சிப்பி இன்று கடலில் இல்லையா? அது இன்றைய சிப்பியாக உருமாறியிருக்கும், அல்லது நாம் எட்டாத ஆழத்தில் இருக்கும். மனிதன் கொன்று தீர்த்த பெரிய விலங்குகள் வேண்டுமானால் விதிவிலக்கு. ஆக, மாற்றத்தைக் கண்டவர் அழிவைக் காணவில்லை, அழிவை நிரூபித்தவர் மாற்றத்தை ஒப்பவில்லை. டார்வினுக்கு இரண்டும் வேண்டியிருந்தன. பிழைப்பவை பிழைக்க, மற்றவை மாய வேண்டும். மாய்வதில்லை என்றால் இயற்கைக்குத் தேர்வு செய்ய என்ன இருக்கிறது?

*

லாமார்க்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளியில் நாம் அவருக்கு இழைத்த அநியாயம் ஒன்று உண்டு. ஒட்டகச்சிவிங்கி கழுத்தை எட்டி எட்டி நீட்டுகிற மூன்று படங்கள், கீழே ‘தவறு’. பக்கத்தில் டார்வின், ‘சரி’. ஐந்து மதிப்பெண் கேள்வி. நானும் அந்தக் கழுத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான்.

1809இல் வெளிவந்த அவருடைய ‘விலங்கியல் தத்துவம்’ பெரிய நூல். ஒட்டகச்சிவிங்கிக்கு அதில் கிடைத்த இடம் ஒரு பத்தி. உழைத்துப் பெற்ற உடல்மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்பதும் அவர் கண்டுபிடித்ததில்லை. அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் நம்பியது, டார்வினும் கடைசிவரை முழுதாகக் கைவிடாதது. லாமார்க்கின் சொந்தச் சரக்கு வேறு. படைவீரனாக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு தாவரங்களைப் படித்துப் பெயர் வாங்கியவர் அவர். 1793இல் அருங்காட்சியகம் அமைந்தபோது வயது 48. நல்ல துறைகளெல்லாம் போக மிஞ்சியதை அவர் தலையில் கட்டினார்கள்: ‘பூச்சிகளும் புழுக்களும்’. யாரும் சீந்தாத அந்தக் குவியலைப் பிரித்து, வகைப்படுத்தி, ‘முதுகெலும்பற்றவை’ என்ற சொல்லையே அவர்தான் உண்டாக்கினார். நண்டை ஒரு பக்கம், சிலந்தியை ஒரு பக்கம், மண்புழுவை ஒரு பக்கம் பிரித்து வைத்தார். பெட்டி பெட்டியாகச் சிப்பிகளை அடுக்கும்போதுதான் ஓர் இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாமல் கை நின்றது. 1800ஆம் ஆண்டு மே மாதம் மாணவர்கள் முன் நிகழ்த்திய உரையில், உயிரினங்கள் மாறுகின்றன என்று முதன்முதலாகப் பொதுவில் சொன்னார்.

யாரும் கேட்கவில்லை. ‘விலங்கியல் தத்துவ’த்தை நெப்போலியனிடம் கொடுக்கப் போனபோது, அவர் அதை லாமார்க் வருடாவருடம் போடுகிற வானிலைப் பஞ்சாங்கம் என்று நினைத்துக் கடிந்துகொண்டார், கிழவர் கண்ணீர் விட்டார் என்று வானியலாளர் அரகோ தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு கண் போயிற்று. மகள் கொர்னேலி எழுத, அவர் சொல்லச் சொல்ல, முதுகெலும்பற்ற விலங்குகள் பற்றிய ஏழு தொகுதிகளின் கடைசிப் பகுதிகள் முடிந்தன. 1829 டிசம்பரில் இறந்தார். மொன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் தவணை முடிந்ததும் தோண்டி எடுத்துவிடும் வாடகைக் குழியில் புதைத்தார்கள். அந்த எலும்புகள் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. எலும்பைக் காப்பாற்றி வைப்பதில் எகிப்தியர்கள் எவ்வளவோ மேல்.

இரங்கலுரை எழுதும் பொறுப்பு குவியேவுக்கு வந்தது. சிப்பிகளைப் பற்றிய உழைப்பை மெச்சிவிட்டு, கொள்கையைக் கேலி செய்து எழுதினார். அதை வாசிக்கும் முன் 1832 மே மாதம் அவரும் இறந்துபோனார். வேறொருவர் நவம்பரில் வாசித்தார்.

*

அதே 1832 நவம்பரில், உருகுவேயின் மான்டிவிடியோ துறைமுகத்தில் நின்ற பீகிள் கப்பலுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே சார்லஸ் லயல் எழுதிய ‘புவியியல் கோட்பாடுகள்’ இரண்டாம் தொகுதி. அந்தக் கப்பலில் பயணம் செய்தபடி அதைப் பெற்றுக்கொண்ட 23 வயது டார்வின் முதல் தொகுதியை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். அதைக் கேப்டன் பிட்ஸ்ராய் பரிசாகக் கொடுத்திருந்தார். ஆசிரியர் ஹென்ஸ்லோவோ, படி, ஆனால் அதில் சொல்வதை நம்பிவிடாதே என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்.

முதல் தொகுதியின் முகப்பில் ஒரு படம்: நேப்பிள்சுக்கு அருகே பொத்சுவோலி ஊரில் கடலோரம் நிற்கும் மூன்று ரோமானியப் பளிங்குத் தூண்கள். செரப்பிஸ் கோயில் என்று அன்று அழைத்தார்கள், உண்மையில் அது சந்தைக் கட்டடம். தூண்களின் அடிப்பகுதி பன்னிரண்டு அடிபோல வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேலே ஒட்டியாணம் கட்டியதுபோல ஒரு பட்டை முழுக்கச் சல்லடைத் துளைகள். துளைத்தது கல்லில் குடையும் கடற்சிப்பி. கடற்சிப்பி ஏணி போட்டு ஏறாது. அப்படியானால் ரோமானியர் காலத்துக்குப் பிறகு நிலம் தாழ்ந்து, தூண்கள் கடலுக்குள் நின்று, மறுபடி நிலம் உயர்ந்திருக்க வேண்டும். அத்தனையும் தூண் சாயாத அளவுக்கு மெதுவாக. குவியே சொன்ன பேரழிவுகள் தேவையில்லை, இன்று நம் கண்முன் நடக்கிற சின்னச் சின்ன மாற்றங்களே போதும், காலம் மட்டும் தாராளமாகக் கிடைத்தால் மலையும் எழும் என்பது லயலின் வாதம்.

டார்வின் அதை நேரிலேயே பார்த்தார். 1835 பிப்ரவரி 20 அன்று சிலி நாட்டைப் பூகம்பம் உலுக்கியபோது அவர் வால்டிவியா அருகே காட்டில் படுத்திருந்தார். சில நாளில் கன்செப்சியோனுக்குப் போனால், கடற்கரை இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தது. பக்கத்துச் சாந்தா மரியா தீவில், நீர்மட்டத்துக்குப் பத்தடி மேலே, பாறையில் ஒட்டியபடியே சிப்பிகள் அழுகிக் கிடந்ததைப் பிட்ஸ்ராய் பார்த்தார். ஒரு நாளில் சில அடி என்றால், ஆண்டீஸ் எழ எத்தனை பூகம்பம், எத்தனை யுகம்! குவியேவின் மம்மி வாதத்தில் ஓட்டையாக இருந்த காலக்கணக்கு இப்படித்தான் அடைபட்டது.

ஆனால் மான்டிவிடியோவுக்கு வந்த இரண்டாம் தொகுதியின் முதல் அத்தியாயங்கள் எதற்காக எழுதப்பட்டன? லாமார்க்கை மறுப்பதற்காக. லயல் வழக்கறிஞர் படிப்பு படித்தவர். லாமார்க்கின் நூலை நாவல்போல ரசித்துப் படித்ததாக நண்பருக்கு எழுதியவரும்கூட. எதிராளியின் வாதத்தை முதலில் நேர்மையாக, முழுதாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்கினார். வினை அங்கேதான். லாமார்க்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததே 1914இல். அதுவரை ஆங்கில வாசகர் பலருக்கு லாமார்க்கை அறிமுகம் செய்து வைத்தது லயலின் மறுப்புதான். ரயில்பாதைக்கு மண் வெட்டிய இடங்களில் புதைபடிவங்களைப் பார்த்து ஆர்வம் பற்றிக்கொண்ட ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற இளம் பொறியாளர் லயலை வாங்கிப் படித்தார். மறுப்பைப் படித்து முடித்தபோது அவர் லாமார்க் கட்சிக்குப் போயிருந்தார்.

*

மால்தஸ் கதையும் இதே ரகம். ராபர்ட் மால்தஸ் பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சியின் சூட்டில், மனித சமுதாயம் நாளுக்கு நாள் சிறந்து பூரணத்துவம் அடையும் என்று சிந்தனையாளர்கள் காட்வினும் கோந்தொர்சேயும் பேசியதை மறுக்கவே 1798இல் பெயர் போடாமல் மக்கள்தொகைக் கட்டுரையை எழுதினார். ஜனம் 1, 2, 4, 8 என்று பெருகும். சோறு 1, 2, 3, 4 என்றுதான் கூடும். ஆகவே பசியும் நோயும் எப்போதும் இருக்கும், பெரிய முன்னேற்றக் கனவெல்லாம் வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. பின்னாளில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் பேராசிரியர். அவரிடம் பாடம் கேட்ட பிள்ளைகளில் பலர் இந்தியாவுக்கு அதிகாரிகளாகக் கப்பலேறினார்கள். அது தனிக் கதை.

எதுவும் பெரிதாக மாறாது என்று சொல்ல எழுதிய இந்த நூலை 1838 செப்டம்பர் இறுதியில் படித்தபோதுதான், எல்லாமே எப்படி மாறுகிறது என்பது டார்வினுக்குப் பிடிபட்டது. பிறப்பவை ஏராளம், பிழைப்பவை கொஞ்சம். பிழைக்கிற கொஞ்சம் எவை என்பது முழுக்கத் தற்செயல் இல்லை. இதைத்தான் அவர் இயற்கைத் தேர்வு என்றார். மால்தஸ் மனிதர்களுக்குப் போட்ட கணக்கை அவர் யானைக்குப் போட்டார். உள்ளதிலேயே மெதுவாகப் பெருகும் விலங்கு அதுதானே. ஒரு ஜோடியில் தொடங்கினால் ஐந்நூறு ஆண்டில் ஒன்றரைக் கோடி யானைகள் என்று 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ முதற்பதிப்பில் எழுதினார். கணக்கு தவறு. வாசகர்கள் பிடித்துவிட்டார்கள். பிறகு 740, 750 ஆண்டில் ஏறத்தாழ 1.9 கோடி என்று திருத்தினார். எப்படிப் பார்த்தாலும் காடு கொள்ளாது.

ஆதரவாளர்களால் லாபமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் தலைவலியோடு. டார்வினின் தாத்தா எராஸ்மஸ் எல்லா உயிரும் ஒரே இழையிலிருந்து வந்ததாக 1790களிலேயே எழுதியவர், ஆனால் சான்றைவிடக் கற்பனை தூக்கல். ஸ்காட்லாந்தின் பேட்ரிக் மேத்யூ 1831லேயே இயற்கைத் தேர்வைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். சொன்ன இடம்தான் கோளாறு: போர்க்கப்பலுக்கு மரம் வளர்ப்பது பற்றிய நூலின் பின்னிணைப்பு! 1860இல் அவர் உரிமை கோரியபோது டார்வின் மறுக்காமல் ஒப்புக்கொண்டார், அங்கே போய் யார் தேடுவார்கள் என்ற தொனியோடு. 1844இல் எடின்பரோ பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ் பெயர் மறைத்து வெளியிட்ட ‘படைப்பின் இயற்கை வரலாற்றுச் சுவடுகள்’ பரபரப்பாக விற்றது. மின்சாரத்தால் பூச்சி உண்டானது என்பது வரை எல்லாவற்றையும் நம்பி எழுதிய நூல் அது. அறிஞர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே ஆண்டு கோடையில் தம் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி, நான் இறந்தால் வெளியிடு என்று மனைவிக்குக் கடிதமும் வைத்திருந்த டார்வின், அந்த அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1846இல் தொடங்கி எட்டு ஆண்டு, கப்பலடியில் ஒட்டும் கொட்டலசுகளை அறுத்துப் பார்ப்பதில் கழித்தார். ‘சுவடுக’ளால் நிஜமாகவே தூண்டப்பட்டவர் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்.

அந்த வாலஸ் 1855இல் போர்னியோவின் சரவாக்கிலிருந்து ஒரு கட்டுரை அனுப்பினார். ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய பழைய இனம் இருந்த இடத்தில், அதற்கு அடுத்த காலத்தில்தான் தோன்றுகிறது என்பது சாரம். டார்வினுக்கு அதில் புதிதாக ஒன்றும் தென்படவில்லை. ஆடிப்போனவர் லயல். படித்த சூட்டோடு இனங்களின் கேள்விக்கென்றே தனியாக ஒரு குறிப்பேடு தொடங்கினார். 1856 ஏப்ரலில் டார்வின் வசித்த டவுன் கிராமத்துக்குப் போய் அவருடைய கொள்கையை முழுதாகக் கேட்டார். நம்பிவிடவில்லை. மனிதனும் அந்த வரிசையில் வந்துவிடுவானே என்பது அவர் நெஞ்சில் முள். ஆனாலும், சீக்கிரம் எழுதி வெளியிடு, வேறு யாராவது முந்திவிடப் போகிறார்கள் என்று விரட்டினார்.

முந்தினார்கள். 1858 ஜூனில் டெர்னாத்தே தீவிலிருந்து வாலஸின் உறை வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது மால்தஸ் நினைவுக்கு வர, அதே இயற்கைத் தேர்வு. டார்வின் கலங்கிப்போய் லயலுக்கு எழுதினார். லயலும் தாவரவியலாளர் ஹூக்கரும் இருவர் எழுத்தையும் சேர்த்து ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். வாலஸ் நியூகினியில் இருந்தார். டார்வின் மூன்று நாள் முன் இறந்த கைக்குழந்தையின் துக்கத்தில் வீட்டில் இருந்தார். முப்பது பேர்கூட இல்லாத கூட்டத்தில், இந்தக் கட்டுரைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம் என்று கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், கட்டுரைகள் சொல்வதை இன்னும் நம்பாதவர்.

அவருக்கு மேலும் பத்தாண்டு பிடித்தது. 1868இல் நிறைவுற்ற ‘புவியியல் கோட்பாடுகள்’ பத்தாம் பதிப்பில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பதிப்புக்குப் பதிப்பு தாங்கி வந்த லாமார்க் மறுப்பை, எழுபது வயதில் லயல் தம் கையாலேயே திருத்தி எழுதினார்.